சங்கரலிங்கம் விட்டுவைத்த வரிசை

போன மாதம், எங்கள் தொழிற்சாலையின் தோட்டப் பிரிவில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் திருமுல்லைவாயிலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆவடிக் குடியிருப்பில் பழைய வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்களாம். எந்த மரம் யார் வைத்தது, எதை விட்டுவைக்கலாம் என்று என்னிடம் கேட்டுப் போக வந்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன். டீ குடித்து முடித்த பிறகு, அவர்களில் கொஞ்சம் வாய் நீளமான பாஸ்கர் கேட்டான்:

"அண்ணாத்தே, இத்தினி வருசத்துல உனுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த வேலை இன்னா? புயல்ல மரம் சாஞ்சதா?"

சாய்ந்த மரத்துக்கு ஆள் கிடைக்கும், கயிறு கிடைக்கும், கோடாலி கிடைக்கும். அதெல்லாம் உடம்புக் கஷ்டம். "ஒரு கேரட்டுப் பாத்தி" என்றேன். சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் பாதி சொல்வதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எண்பதுகளின் தொடக்கத்தில் தினக்கூலியாக உள்ளே நுழைந்தேன். மண் சுமந்தேன், வேலி வெட்டினேன், குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டேன். கடலை மடித்து வந்த தாளில் விவசாயம் பற்றி எது இருந்தாலும் கடலையை முடித்துவிட்டுப் படித்தேன். வேலை நிரந்தரமானது. என் பயிற்சிக் காலம் என்று சொன்னால் இவ்வளவுதான். பட்டாளத்துக்கு வண்டி செய்கிற இடத்தில் உனக்கு என்னடா பூச்செடி வேலை என்று என் மச்சான் கேலி பண்ணுவான். எங்கள் மேஸ்திரி அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்: "அவுங்கோ இரும்ப வளைக்கறாங்கோ, நாம வெயில வளைக்கறோம். எது கஷ்டம்னு உன் மச்சானையே கேளு." இந்த மாதிரிப் பேச்சுகளைக் காதில் வாங்கி வைத்துக்கொள்வது எனக்கு ஒரு பழக்கம். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதில்தான் நிறைய மிச்சம் பிடித்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பிரிவுக்குத் திலகவதி மேடம் சூப்பர்வைசராக வந்தார். கோத்தகிரிக்காரர். அவருடைய அப்பாவுக்கு அங்கே மலைச்சரிவில் கொஞ்சம் கேரட் நிலம். கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஒரு பொம்பளைக்குக் கீழே வேலையா என்று முனகினவர்கள் எங்களில் உண்டு. ஒரு மாதத்தில் முனகல் நின்றுவிட்டது.

அவருடைய தினுசே தனி. பாத்திக்குள் இறங்குவதற்கு முன் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, வரப்பில் வைப்பார். எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டார். கீழே கிடக்கும் ஒரு காய்ந்த குச்சியை எடுத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, அதன் நுனியால் தொட்டுக் காட்டுவார். யாரையும் திட்டினதில்லை. தப்பு செய்தவன் சொல்லும் காரணத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்படிங்களா" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம்.

இன்னும் இரண்டு வழக்கம் அவருக்கு. ஒன்று, எந்தச் செடியானாலும், எந்தத் தொட்டியானாலும், அதை வைத்தவர் பேரைத் தகரத்துண்டில் எழுதிக் கட்டவேண்டும். "வெச்சவங்க பேரில்லாம ஒரு செடியும் நிக்கக்கூடாதுங்க" என்பார். இரண்டாவது, இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டார். ஒரு பெரிய அதிகாரியின் வீட்டம்மா ஆசையாக வைத்த ரோஜா வாடிக் கிடந்தது. அந்தம்மா, பிழைக்குமா என்று கேட்டார். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும், பிழைக்கும் என்று சொல்லித் தொலையட்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு நிற்கிறோம். மேடம் குச்சியால் தண்டைக் கீறிப் பார்த்துவிட்டு, "பொழைக்காதுங்க. இன்னைக்கே எடுத்துட்டா பக்கத்துச் செடி பொழைக்குங்க" என்றார். அன்றைக்கு எங்கள் மேஸ்திரி சொன்னார்: "இந்தம்மா நாக்குல வெல்லம் கிடையாதுப்பா."

ஒரு வருடம் ஐப்பசி மழை விட்டதும், வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கு மேடம் கேரட் விதை கொடுத்தார். கேரட் என்றால் ஊட்டியில்தான் விளையும் என்று எங்கள் பக்கத்தில் நினைப்பு. வாங்கிப் போனவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர் சங்கரலிங்கம்.

சங்கரலிங்கம் ஃபிட்டர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல்காட்டு ஊர்க்காரர். அவர் மனைவி கோமதி. பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தார் பேசிக் கேட்டிருக்கிறேன். சங்கரலிங்கத்துக்குக் கேள்வி கேட்கும் வியாதி. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற வழியில் எங்கள் நாற்றுக்கொட்டகையில் காலை ஊன்றி நிறுத்தி ஏதாவது கேட்காமல் போகமாட்டார். "அண்ணாச்சி, மெஷின்னா கழட்டிப் பாத்துருவேன். செடியக் கழட்டுனா செத்துருது. அதான் ஒங்கள்ட்டக் கேக்கேன்" என்பார்.

அவர் போட்ட பாத்தி மாதிரி அந்த வரிசையிலேயே கிடையாது. விதையில் இருக்கும் முள் மாதிரிச் சுணையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து எடுத்தார். மணலோடு கலந்து, குச்சியால் கோடு இழுத்து, கோட்டில் தூவினார். மேலே சலித்த மண். முளைக்கிறவரை ஈரச்சாக்கு. முளைத்தது பச்சைப் பஞ்சு மாதிரி. ஆனால் அடுத்த வேலையில் தடுமாறிவிட்டார். நெருங்கி முளைத்த நாற்றுகளைக் களைந்து எடுத்தால்தான் மிச்சம் இருப்பது பருக்கும். மனுசனுக்கு மனசு வரவில்லை. நல்லா இருக்கிறதை எதற்குப் பிடுங்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றார். நான் மேடத்தைக் கூட்டி வந்தேன்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சொன்னதை நான் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்ன மாதிரி எனக்கு வந்ததில்லை.

கேரட் செடிக்கு அடுப்பு மேலே, சாமான் அறை கீழே என்றார். வேர் தண்ணீரை மேலே அனுப்புகிறது. இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. வெயிலை வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை பண்ணுகிறது. பண்ணியதில் ஒரு பங்கை அன்றாடத்துக்கே செலவழிக்கிறது. இலை விட, வேர் விட, மூச்சு விட. பகலில் மிஞ்சியதை மாவாக்கி இலையிலேயே கொஞ்சம் அடைத்து வைத்து, ராத்திரி அதையும் கரைத்துக் கீழே இறக்குகிறது. இறங்கினது வேரில் சேர்ந்து சேர்ந்து வேர் பருக்கிறது. குறுக்கே வெட்டினால் நடுவில் வெளிறிய தண்டு ஒன்று தெரியும், அது தண்ணீர் ஏறுகிற குழாய். அதைச் சுற்றி இருக்கிற சிவப்புதான் சர்க்கரை சேர்த்து வைக்கிற இடம். பக்கத்துச் செடி நெருக்கினால் இலைக்கு வெயிலும் இல்லை, வேருக்கு இடமும் இல்லை. சமைக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது.

சங்கரலிங்கம் கேட்டுக்கொண்டே நாற்றுகளைக் களைய ஆரம்பித்துவிட்டார். திடீரென்று கையை நிறுத்தினார்.

"மேடம், யாருக்காக இம்புட்டுச் சேக்குது? நமக்கா?"

"நமக்கில்லைங்க. அதுக்கு. மொத வருசம் சேர்க்கும். குளிர்காலம் போனப்பறம் ரெண்டாம் வருசம் சேர்த்த அத்தனையும் மேல இழுத்து ஒரு தண்டு விடும், பூக்கும், விதை விடும். அதோட வேரு சக்கையாயிடும், செடி போயிடும். நாம அதுக்கு முன்னாலயே புடுங்கிச் சாப்பிட்டுடறோம்."

சங்கரலிங்கம் ஒரு நாற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பூ எப்படி இருக்கும் என்று கேட்டார். கொத்துமல்லிப் பூ பார்த்திருக்கிறீர்களா, அதற்கு அக்கா மாதிரி, வெள்ளைக் குடை விரித்த மாதிரி என்றார் மேடம். நானும் பார்த்ததில்லை என்றேன். இங்கே பூக்காது, நம் ஊரில் அதற்கு வேண்டிய குளிர் இல்லை என்றும் மேடம் அப்போதே சொல்லிவிட்டார். சங்கரலிங்கம் கேட்கவில்லை. "ஒரு வரிசைய விட்டுவச்சுப் பாப்பமே மேடம். வந்தா பூ, வராட்டி கேரட்டு."

மாசி பிறக்கும்போது பாத்தியைப் பிடுங்கினார். ஒவ்வொன்றும் கைப்பிடிப் பருமன். செக்‌ஷன் ஆட்களுக்கெல்லாம் கொடுத்தார், எனக்கும் ஒரு கட்டு. சொன்ன மாதிரியே ஒரு வரிசையை விட்டுவைத்தார். வெளியே தெரிந்த தோள்பட்டையில் வெயில் பட்டுப் பச்சையாகிவிடக்கூடாது என்று மண்ணை இழுத்து மூடினார்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவர், நெஞ்சு ஒருமாதிரியாக இருக்கிறது, தண்ணீர் கொடு என்று கேட்டிருக்கிறார். கோமதியம்மா சொம்போடு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது.

இங்கே எங்கள் குடியிருப்புப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எல்லோரும் தமிழ்நாட்டின் நாலு மூலையிலிருந்து வந்தவர்கள். யார் இறந்தாலும் காரியம் சொந்த ஊரில்தான் நடக்கும். கூட வேலை பார்த்தவர்கள் அவ்வளவு பேரும் அங்கே போக முடியாது. அதனால் ஊரிலிருந்து திரும்பியதும் குடும்பத்தார் கேன்டீனுக்கு ஏதாவது அனுப்புவார்கள். வெல்லமோ, பருப்போ, தேங்காயோ, அவர்களுக்கு முடிந்தது. இறந்தவர் பேர் அதில் எழுதியிருக்கும். கேன்டீன் சமையற்காரர் அதை ஒரு இனிப்பாகச் செய்து, அவருடைய செக்‌ஷன் ஆட்களுக்கு மட்டும் மதியச் சாப்பாட்டில் வைப்பார். யாரும் ஒன்றும் பேசமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். யார் தொடங்கிய பழக்கமோ தெரியாது. எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் யாரும் தவறவிட்டதும் இல்லை.

கோமதியம்மா ஊரிலிருந்து திரும்பி வந்தார். கோடை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும்; அண்ணன் வீட்டோடு போய் இருக்கப் போவதாகப் பேச்சு. வீடு காலியாகும்போது எங்கள் பிரிவுக்கும் அதில் வேலை உண்டு. மரங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும், போட்ட பாத்திகளைப் பிடுங்கித் தரையைச் சமன் செய்யவேண்டும். அடுத்து வருகிறவர்களுக்கு வெறும் தரையாகக் கொடுப்பது முறை. அதற்காக நான் முன்கூட்டியே ஒருநாள் போய்ப் பார்த்தேன்.

சித்திரை வெயில். சுற்றிலும் புல்லெல்லாம் கருகிக் கிடக்க, அந்த ஒரு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. கோமதியம்மா வாளியும் சொம்புமாக ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா அழுது யாரும் பார்க்கவில்லை என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். கல்லு மாதிரி என்று சிலர் சொன்னார்கள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. வாழையையும் வெட்டிருங்க. இந்த வரிசைய மட்டும் விட்ருங்க. பூவப் பாக்கணும்னு சொல்லி விட்டுட்டுப் போயிருக்காக. வந்துரும், பெறவு நானே புடுங்கித் தாரேன். வெத எடுத்து ஊருக்குக் கொண்டு போவணும்."

பூக்காது என்று சொல்ல நான் யார்? மேடத்திடம் வந்து சொன்னேன். அவர் "அப்படிங்களா" என்று சொல்லவில்லை. எழுந்து, என்னோடு நடந்தே வந்தார்.

செருப்பைக் கழற்றினார், உட்கார்ந்தார், மண்ணை விலக்கி ஒரு வேரின் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோமதியம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, உள்ளதைச் சொன்னார். இதற்குள் இருக்கவேண்டிய சர்க்கரை எல்லாம் இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு குளிர்காலம் வந்து போனால்தான் ஒரு வருடம் கழிந்தது என்று இதற்குத் தெரியும். இங்கே குளிர் வராது. அதனால் இது பூக்காது. வெயில் ஏற ஏற வேர் கட்டையாகும், மழை வந்தால் அழுகும்.

கோமதியம்மா தலையை நிமிர்த்தவில்லை. "கட்டக் கடைசியா ஆசப்பட்டது இது ஒண்ணுதான் மேடம். குளிர எங்க போயி வாங்க?"

மேடம் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, கேன்டீனில் காய்கறி வைக்கிற குளிர் அறை இருக்கிறதே, அதில் ஒரு பெட்டிக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டார். அவருடைய கணக்கு இதுதான்: நல்ல வேர்களாகப் பொறுக்கிக் குளிர் அறையில் வைத்தால் அழுகாது, அதற்குக் குளிர்காலமும் அங்கேயே தொடங்கிவிடும். இரண்டு மாதத்தில் அவர் லீவில் ஊருக்குப் போகும்போது எடுத்துப்போய் அப்பா நிலத்தில் நட்டுவிடுவார். அங்கே பூத்தால் விதை தபாலில் வரும்.

"பூக்கும்னு சொல்லலைங்க. பூக்கலாம்" என்றார். அவர் வாயில் 'கலாம்' என்று வந்ததே பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கோமதியம்மாவுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் எங்களுக்கு மோர் கொடுத்தார்.

அடுத்த நாள் காலையில் வேர்களை எடுத்தோம். இழுத்துப் பிடுங்கவில்லை, பக்கத்தில் மண்ணைத் தோண்டி, அடியோடு தூக்கினோம். கழுவக்கூடாது. இலையை இரண்டு விரல் உயரம் விட்டு நறுக்கவேண்டும். அந்தக் கொண்டையில்தான் அடுத்த துளிர் இருக்கிறது, அது போனால் எல்லாம் போச்சு. மரப்பெட்டியில் லேசாக ஈரமான மணல், அதன்மேல் ஒன்றோடொன்று படாமல் ஒரு வரிசை வேர், மறுபடியும் மணல். இரண்டாகப் பிரிந்து கவைத்துப்போன வேர் ஒன்றை மட்டும் மேடம் எடுக்கவேண்டாம் என்றார். பாத்தி முழுக்க வெறுமையாகிவிட்டால் அந்த அம்மா எதற்குத் தண்ணீர் விடும் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். பெட்டியில் வழக்கம்போலத் தகரத்துண்டு கட்டினார். வைத்தவர் பேர்: சங்கரலிங்கம், ஃபிட்டர்.

கேன்டீனுக்குத் தலைமைச் சமையற்காரர் காதர் பாய். பூந்தமல்லிக்காரர். அவர் கை பட்டால் வெறும் ரசமும் விருந்து. அப்போது மகள் நிக்காஹுக்காக லீவில் இருந்தார். ஸ்டோர்க்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, குளிர் அறையின் மூலையில் பெட்டியை வைத்தேன். அடிக்கடி போய் மணலில் கைவைத்து ஈரம் பார்ப்பேன். ஒருமுறை கோமதியம்மா கேட்டார், அங்கே ரொம்பக் குளிருமா என்று. குளிரும் என்றேன். "அவுகளுக்குக் குளிரே ஆகாது" என்றார்.

வைகாசியில் ஒரு மத்தியானம் போனேன். மூலையில் பெட்டி இல்லை. வெளியே கொல்லைப்புறத்தில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. மணலைக் கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்திருந்தார்கள். உள்ளே ஓடினேன். காதர் பாய் பெரிய அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா ஏழுமலை. ஒரு வாய்தான் கீது, உனுக்குன்னு எடுத்து வச்சேன். நம்ம சங்கரலிங்கம் ஊட்லேர்ந்து குட்த்துவுட்டாங்களே, அந்தக் கேரட்டு. அல்வா கிண்டி அவுங்க செக்‌ஷனுக்குப் போட்டேன்."

நான் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இன்னாப்பா?"

சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, அடுப்பு மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"பேரு போட்டு இருந்துச்சேப்பா. மணல்ல பொதைச்சு, அவ்ளோ பத்ரமா வச்சிருந்தாங்க. காரியத்துக்குத்தான் அனுப்பிகீறாங்கோ, நான் லீவுல பூட்டதால இத்தினி நாளா காத்துகினு கீதுன்னு நெனச்சேன். வந்த மறுநாளே மத்த வேலையெல்லாம் வுட்டுட்டு மொத வேலையா செஞ்சேன்பா."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை; விவரம் தெரிந்த ஸ்டோர்க்காரருக்கு அன்றைக்கு லீவு. எங்கள் வழக்கப்படி ஒரு இறந்த மனிதனுக்குச் செய்யவேண்டியதை அவர் முறையாகச் செய்திருந்தார். யாரும் தொடக்கூடாது என்று கட்டிய பேர். அந்தப் பேருக்காகவே எடுத்துவிட்டார். நறுக்கிப் போட்ட கொண்டைகளையாவது தேடலாம் என்று பார்த்தேன். காய்கறிக் கழிவு மாட்டுக்காரன் வண்டியில் காலையிலேயே போயிருந்தது. காதர் பாய் எடுத்து வைத்திருந்த அந்த ஒரு வாயை நான் சாப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அது தட்டிலேயே இருந்தது.

மேடத்திடம் சொன்னபோது கடைசிவரை கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்படிங்களா" என்றார். அந்தச் சொல்லில் அன்றைக்குக் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை.

கோமதியம்மாவிடம் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மேடம் தானும் வருவதாகச் சொன்னார். வழியில் பார்த்தால் காதர் பாய் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கேன்டீன் வாசலில் நிற்கிறார். "ஆக்குனவன் நானு. நான்தான் சொல்லணும்" என்றார். மூன்று பேரும் நடந்தோம்.

வீட்டில் பாதிச் சாமான்கள் கட்டி முடிந்திருந்தன. காலி செய்ய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. கோமதியம்மா எங்களைப் பார்த்ததும், மேடம் லீவு போடும் நாள் வந்துவிட்டது, பெட்டியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்து வேகமாக வெளியே வந்தார். காதர் பாய் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். மறைக்காமல், ஒன்றுவிடாமல் சொன்னார்.

பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோமதியம்மா கேட்டார்:

"இனிச்சுதா, பாய்?"

"தங்கச்சி, இத்தினி சனத்துக்கு ஆக்கறவன் நான், பொய் சொன்னா கை வெளங்காது. நடுத்தண்டு கட்டையா இருந்துச்சு, அத்த எடுத்துட்டு மிச்சத்தத் துருவுனேன். சக்கரைய அள்ளிகினு வந்து, ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்தேன். பாத்துட்டு, அள்ளுன சக்கரைய திரும்ப டப்பாவுலயே கொட்டிட்டேன். அவ்ளோ இனிப்பு."

"அவுகளாம் சாப்ட்டாகளா?"

"ஒருத்தர்கூட மிச்சம் வைக்கல. தட்ட வழிச்சு நக்குனாங்கம்மா."

குளிரில் இருந்தால் வேரில் மாவாக மிச்சம் இருப்பதுகூடச் சர்க்கரையாகிவிடும் என்று மேடம் எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார். பூவுக்காகக் கொடுத்த குளிர், அல்வாவில் போய்ச் சேர்ந்திருந்தது. மேடம் அதை அங்கே சொல்லவில்லை. பார்வை முழுக்கத் தரையிலேயே இருந்தது.

கோமதியம்மா கொல்லைப்பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். வெறும் பாத்தியில் அந்தக் கவைத்த செடி ஒன்று மட்டும் நின்றது. இலை நுனி காய்ந்திருந்தது, அடிமண் மட்டும் ஈரம். அந்த அம்மா குனிந்து, இலையைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நான் உதவப் போனேன்; மேடம் என் கையைத் தொட்டு நிறுத்தினார். இரண்டாவது முறை இழுத்ததும் வந்துவிட்டது. இரண்டு கால் முளைத்த மாதிரி வேர், மேலெல்லாம் மயிர்வேர். குழாயடியில் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, அம்மிக்கல்லின் விளிம்பில் வைத்துத் தட்டி உடைத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். கடைசித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"இது விளைஞ்சதுல இருந்து நான் ஒண்ணுகூடத் திங்கல" என்றார். "எல்லாருக்கும் குடுத்துட்டு, நமக்குப் பூ வந்த பெறவுன்னு சொல்லிட்டாக."

மென்றோம். சித்திரை, வைகாசி வெயிலெல்லாம் மண்ணுக்குள் கிடந்த வேர். கட்டை. பல்லில் நார் நாராக மாட்டியது. கடைசியில் லேசான கசப்பு. இனிப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கோமதியம்மா மென்றுகொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தார். "இனிக்குதுல்ல?" என்றார்.

"ஆமா தங்கச்சி" என்றார் காதர் பாய். "ஆமாம்மா" என்றேன் நான். எங்களுக்கு அது பெரிய காரியமில்லை. நாங்கள் எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ ஆமாம் போட்டவர்கள்.

மேடம் இன்னும் மென்றுகொண்டிருந்தார். நான் அவரையே பார்த்தேன். விழுங்கினார்.

"இனிக்குதுங்க" என்றார்.

அப்போதுதான் கோமதியம்மா அழுதார். குழாயடியில் அப்படியே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, அத்தனை மாதத்துக்கும் சேர்த்து அழுதார். மேடம் செருப்பில்லாத காலோடு போய், ஈரத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் பாயும் முன்வாசலுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் லாரி வந்து சாமான்கள் போயின. நான் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியைச் சமன் செய்தேன். வேலை பத்து நிமிஷம் கூட இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எடுத்து நான் எந்தத் தரையையும் சமன் செய்ததில்லை. பாத்தியில் சங்கரலிங்கம் பேர் எழுதி நட்டிருந்த தகரத்துண்டை மேடத்திடம் கொடுத்தேன். வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். தொண்ணூறுகளில் அவர் மாற்றலாகிப் போகும்போது இழுப்பறையைக் காலி செய்து கொடுத்தேன். அது அதில் இல்லை.

பாஸ்கரிடம் அன்றைக்கு நான் சொன்னது, சங்கரலிங்கம் ஒரு வரிசையை விட்டுவைத்ததுவரைதான். நானும் அந்தப் பூவை இன்றுவரை பார்த்ததில்லை என்று சொன்னதும் அவன் சட்டென்று போனை எடுத்தான்.

"இதுக்கா இவ்ளோ ஃபீல் பண்ற அண்ணாத்தே? ஒரு நிமிசம், போட்டோ காட்டறேன்."

"வேணாம் நைனா, உள்ள வை" என்றேன்.

வயசானவனுக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்திருப்பான். போனைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தான்.